சில்க்கிக் குஞ்சு: சேவலா, பெட்டையா?

ஒரு ஜோடி என்று சொல்லி விற்ற சில்க்கிக் குஞ்சுகளை வாங்கி வந்து, ஆறு மாதம் தீனி போட்டு வளர்த்த பிறகு, ஒரு விடியற்காலையில் இரண்டும் சேர்ந்து கூவினால் அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? அடை வைக்கலாம் என்று சேர்த்து வைத்த கின்னிக்கோழி முட்டையை எந்தக் கோழிக்கு அடியில் வைப்பது? குஞ்சு விற்று வரும் பணத்துக்குப் போட்டு வைத்த கணக்கு என்ன ஆவது? சில்க்கி வளர்ப்பில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதனால்தான், "குஞ்சிலேயே சேவல், பெட்டை பார்க்க முடியாதா?" என்பதாக இருக்கிறது.

இந்த இனத்தில் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல நான்கு, ஐந்து மாதம் ஆகும். சில குஞ்சுகள் அதற்கும் மேல் இழுத்தடிக்கும். அதற்கு முன்பே அடையாளங்கள் தெரியத் தொடங்கும் என்பது உண்மை. அவற்றை எப்போது, எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தால் ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

சில்க்கி என்ற ஆங்கிலப் பெயருக்குப் பட்டுப் போன்றது என்று பொருள். பிறப்பிடம் சீனா. 13-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் போன மார்க்கோ போலோ, பூனைக்கு இருப்பதுபோல ரோமம் உள்ள கருப்புக் கோழிகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரில் இது அழகுக் கோழியாகத்தான் நுழைந்தது. சென்னைப் பக்கம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிளி, புறா, முயலோடு கூண்டில் வைத்து விற்கப்படும் பறவைகளில் இதையும் பார்க்கலாம். கிராமத்தில் இதன் உண்மையான பயன் வேறு. சில்க்கிப் பெட்டை அடைக்கு உட்காருவதில் கெட்டிக்காரி. ஆண்டுக்குச் சுமார் 100 முட்டைதான் இடும். ஆனால் நாட்டுக்கோழி, கின்னிக்கோழி என எந்த முட்டையை வைத்தாலும் பிடிவாதமாக உட்கார்ந்து பொரித்துக் கொடுக்கும். இன்குபேட்டரும் தடையில்லாத மின்சாரமும் இல்லாத வீட்டுக்கு அப்படி இரண்டு பெட்டை இருந்தால் பெரிய துணை. அதனால்தான் வாங்கியது சேவலாகிவிட்டால் நஷ்டம் வலிக்கிறது. ஒரு குஞ்சு நாளொன்றுக்குச் சராசரியாக 40 கிராம் தீனி தின்றாலும் 180 நாளில் 7 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். வாங்கிய விலையோடு இதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜோடிக் கணக்கின் சூட்சுமம்

ஒரு மாதக் குஞ்சுகளில் கைக்கு வந்த இரண்டை எடுத்து, "இது சேவல், இது பெட்டை" என்று கொடுப்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்ல. பலருக்கு அவர்கள் சொல்வதில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். குஞ்சுகளில் பாதி சேவல், பாதி பெட்டை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு குஞ்சு எடுத்தால், நான்கில் இரண்டு தடவை அது சரியான ஜோடியாகவே அமைந்துவிடும். ஒரு தடவை இரண்டும் சேவல், ஒரு தடவை இரண்டும் பெட்டை. அதாவது 100 ஜோடி விற்றவருக்கு ஏறக்குறைய 50 பேர் "நீங்கள் சொன்னது சரி" என்பார்கள். இரண்டும் பெட்டையாக அமைந்த 25 பேர் பெரும்பாலும் சண்டைக்கு வரமாட்டார்கள். மீதி 25 பேர் மட்டும் மனம் நொந்து போவார்கள்.

ஊசியை நூலில் கட்டிக் குஞ்சின் மேல் தொங்கவிட்டுப் பார்ப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பது, கூர்மையான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பது எல்லாம் இதே கணக்கில்தான் உயிர் பிழைத்திருக்கின்றன. எந்தச் சோதனை செய்தாலும் பாதி சரியாக வரும். சரியாக வந்ததை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும், தவறியதை மறந்துவிடும். முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் முட்டைக் குழாயைப் பொறுத்தது. உள்ளே இருக்கும் கருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கலர் குஞ்சு மட்டும் எப்படி?

"சைக்கிளில் கொண்டு வந்து விற்கிற கலர் குஞ்சு அத்தனையும் சேவலாகத்தானே வளர்கிறது? பொரித்த அன்றே பிரிக்கத் தெரியாமலா அப்படிச் செய்கிறார்கள்?" என்று விவரமானவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பச்சையும் ரோஸுமாகச் சாயம் பூசி வரும் அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழிக்கப்பட்ட சேவல் குஞ்சுகள். நாமக்கல் போன்ற இடங்களின் முட்டைப் பண்ணைகளுக்குப் பெட்டைக் குஞ்சு மட்டும் போதும் என்பதால், முதல் நாளே பிரித்துவிடுகிறார்கள்.

அங்கே பயன்படும் வழி இறக்கை பார்ப்பது. கோழி இனத்தில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இறகு வேகமாக முளைப்பதா, மெதுவாக முளைப்பதா என்ற குணம் இசட்டில் இருக்கிறது. பெட்டைக் குஞ்சுக்குக் கிடைக்கும் ஒரே இசட் தகப்பனிடமிருந்து வருவது. ஆகவே வேகமாக இறகு முளைக்கும் சேவலையும் மெதுவாக முளைக்கும் பெட்டையையும் திட்டமிட்டுச் சேர்த்தால், மகள்கள் தகப்பனைப்போல வேகமாகவும், மகன்கள் தாயைப்போல மெதுவாகவும் இறகு விடும். பொரித்த முதல் நாளில் இறக்கையை விசிறிபோல விரித்தால், பெட்டையில் அடி வரிசை இறகு நீளமாகவும் மேல் வரிசை குட்டையாகவும் இருக்கும். சேவலில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். இரண்டு மூன்று நாள் கழிந்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது "திட்டமிட்டுச் சேர்த்தால்" என்ற சொல். தாய், தகப்பன் வரிசை அப்படி அமைக்கப்படாத கோழியில் இறக்கை பார்ப்பது மீண்டும் பாதிக்குப் பாதிதான். வீட்டில் வளரும் நாட்டுக்கோழிக்கும் இது பொருந்தும், சில்க்கிக்கும் பொருந்தும். இணையத்தில் சுற்றும் இறக்கைப் படங்களைப் பார்த்துச் சில்க்கிக் குஞ்சைப் பிரிப்பவர்கள் பூவா தலையா போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழி, எச்சத் துவாரத்தை மெல்லப் பிதுக்கி உள்ளே இருக்கும் சிறு மொட்டைப் பார்ப்பது. 1920-களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் முறைப்படுத்திய வித்தை இது. கியோஷி மசுயி என்பவர் இதில் முன்னோடி. இது கை பழக நீண்ட பயிற்சி வேண்டும், ஆயிரக்கணக்கான குஞ்சு பார்த்திருக்க வேண்டும். சில்க்கிக் குஞ்சு உருவத்தில் சிறியது. பழகாத விரல் அழுத்தினால் வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருப் பை உடைந்து குஞ்சு செத்துப்போகும். வீட்டில் முயலவே வேண்டாம்.

இறகு மறைக்கும் அடையாளம்

சாதாரணக் கோழி இறகைக் கையில் எடுத்து நீவினால், கலைந்த இழைகள் மறுபடி ஒட்டிக்கொண்டு தகடுபோல ஆகும். இழைகளைக் கோக்கும் நுண்ணிய கொக்கிகள் அதில் உண்டு. சில்க்கியில் அந்தக் கொக்கிகள் வேலை செய்வதில்லை. அதனால் ஒவ்வோர் இழையும் தனித்தனியாக நின்று, உடம்பு முழுக்க இலவம் பஞ்சு ஒட்டியதுபோல இருக்கிறது. நாட்டுச் சேவலை இரண்டரை மாதத்திலேயே காட்டிக்கொடுப்பவை பளபளக்கும் கழுத்து இறகும், இடுப்பில் தொங்கும் கூர் இறகும், வளைந்த வால் இறகும். இவை மூன்றும் சில்க்கியில் பஞ்சுக்குள் கரைந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு நிறமும் உதவாது. வெள்ளை, கருப்புச் சில்க்கிகளில் சேவலும் பெட்டையும் ஒரே நிறம்.

கொண்டை சிவப்பதை வைத்துப் பார்க்கலாமா என்றால், அதுவும் சிக்கல். சில்க்கியின் தோல், எலும்பு எல்லாம் கருமை. கொண்டையும் நாவல்பழ நிறத்தில்தான் இருக்கும். செக்கச்செவேல் என்று கொண்டை இருந்தால், அந்தக் குஞ்சில் வேறு இனம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். காலில் ஐந்து விரல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மற்ற கோழிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்குதான்.

எப்போது எதைப் பார்ப்பது

முதல் நான்கு வாரம் எதையும் பார்க்க வேண்டாம். அந்த நாட்களில் குஞ்சு கதகதப்பாக இருக்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, ஏழாம் நாள் ராணிக்கெட் தடுப்பு மருந்து போட்டாயிற்றா என்பதே முக்கியம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து கொண்டையைக் கவனிக்கத் தொடங்கலாம். இங்கே இரண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அலகுக்கு மேலே, மூக்குத் துளைகளுக்குப் பின்னால் சதையாக இருப்பது கொண்டை. அதற்குப் பின்னால் இறகாக நிற்பது குடுமி. சில்க்கியின் கொண்டை நாட்டுக்கோழியைப்போல ரம்பப் பல்லாக எழும்பாது. அக்ரூட் கொட்டையைப்போலச் சொரசொரப்பாகப் படுத்திருக்கும். ஆறு, எட்டு வாரத்தில் சேவல் குஞ்சுக்கு அந்த இடம் அகலமாகத் தடித்து, மேடாகத் தெரியும். பெட்டைக்கு அது மெல்லிய கோடாகவோ சிறு பயறு அளவு முடிச்சாகவோ நின்றுவிடும். சிவப்பைப் பார்க்காமல் அகலத்தைப் பாருங்கள். விரலால் குடுமியைப் பின்னுக்கு ஒதுக்கிவிட்டு, குஞ்சின் முகத்துக்கு நேர் எதிரில் இருந்து பார்த்தால்தான் அகலம் தெரியும்.

கொண்டைக்கு அடுத்தது, அலகுக்குக் கீழே தொங்கும் தாடைச் சதை. சேவலுக்கு இது முந்தி வளரும். ஆனால் சில்க்கியில் தாடி இறகு உள்ள வகை ஒன்று உண்டு. அதில் தாடைச் சதை மிகச் சிறிது, அதையும் இறகு மூடிவிடும். தாடி வகை வைத்திருப்பவர்கள் இந்த அடையாளத்தை விட்டுவிடலாம்.

பத்து வாரத்துக்கு மேல் குடுமி பேசத் தொடங்கும். பெட்டையின் குடுமி எல்லாப் பக்கமும் சமமாக, செவ்வந்திப் பூவைப்போல உருண்டையாக நிற்கும். சேவலின் குடுமி பின்பக்கம் சாயும். அதிலிருந்து நீண்ட மெல்லிய இழைகள் சில பிடரிப் பக்கம் வழியும். வாரிச் சீவிய தலைக்கும் பூ வைத்த தலைக்கும் உள்ள வித்தியாசம்தான். மூன்று, மூன்றரை மாதத்தில் கொண்டை அகலமும் குடுமி இழையும் ஒரே குஞ்சில் சேர்ந்து தெரிந்தால், அது சேவல் என்று ஏறக்குறைய நம்பலாம். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் காத்திருங்கள்.

நடத்தையை எவ்வளவு நம்பலாம்? நிமிர்ந்து நிற்பது, நெஞ்சோடு நெஞ்சு மோதுவது, திடீர்ச் சத்தம் கேட்டால் மற்றவை ஒதுங்கும்போது தான் மட்டும் கழுத்தை நீட்டி நிற்பது ஆகியவை சேவல் குணம் என்பார்கள். ஓரளவு சரி. ஆனால் பெட்டைகள் மட்டுமே உள்ள கூண்டிலும் ஒன்று தலைவியாக நின்று மற்றவற்றை விரட்டும், அது சேவல்போலவே நடக்கும். மறுபக்கம், அதிகாரம் செலுத்தும் சேவல் ஒன்று இருக்கும் இடத்தில் இளம் சேவல் வாயைத் திறக்காமல் பெட்டைகளோடு ஒதுங்கித் திரியும். பெரிய சேவலை விற்ற மறுநாளே அது கூவ ஆரம்பித்து வீட்டாரைத் திகைக்க வைக்கும். கூவுவது பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கும், சில இன்னும் தாமதிக்கும். அந்த வயதில் கழுத்திலும் இடுப்பிலும் உள்ள இறகு, பஞ்சாக இருந்தாலும், நுனி கூர்ந்து நீளத் தொடங்கியிருக்கும். பெட்டையில் அந்த இடங்கள் வட்டமாகவும் மெத்தென்றும் இருக்கும்.

பெட்டைக்கு உறுதியான சான்று முட்டைதான். சில்க்கி அதற்கு ஏழு, எட்டு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். முட்டைக்கு நெருங்கிய பெட்டையின் முதுகில் கை வைத்தால் இறக்கையைச் சற்று விரித்துப் பம்மும். பின்புறம் இடுப்பு எலும்பு இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

தனிக் குஞ்சு ஒன்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரே நாளில் பொரித்த, ஒரே தீனி தின்ற குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஐந்து வாரக் குஞ்சை எட்டு வாரக் குஞ்சோடு வைத்துப் பார்த்தால் பெரியது எல்லாம் சேவலாகத் தெரியும். குஞ்சுகளுக்கு வெவ்வேறு நிறத்தில் கால் வளையம் போடுங்கள். வளையம் கிடைக்காவிட்டால் கலர் நூலைத் தளர்வாகக் கட்டி, வாரம் ஒருமுறை இறுக்கம் பார்த்து மாற்றுங்கள். காலில் இறகு இருப்பதால் நூல் புதைந்து இறுகுவது வெளியே தெரியாது. 6, 8, 10, 12, 16 ஆகிய வாரங்களில் ஒவ்வொன்றையும் முகத்துக்கு நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகக் கைப்பேசியில் படம் எடுத்து, அன்றைய கணிப்பை நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு முறை இப்படி வளர்த்தவருக்கு, மூன்றாம் முறை எட்டாம் வாரத்திலேயே பெரும்பாலான குஞ்சுகளைப் பற்றிச் சொல்ல வந்துவிடும். உங்கள் வீட்டுக் கோழியின் வரிசைக்கு எந்த அடையாளம் முந்துகிறது என்பது அந்த நோட்டில்தான் கிடைக்கும்.

அவசரப்பட்டுக் கழிப்பதால் வரும் நஷ்டம் பெரிது. இரண்டு மாதத்தில் "சேவல்" என்று முடிவு செய்து குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டது, வாங்கியவர் வீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். இதற்கு நேர்மாறாக, பெட்டை என்று நினைத்து மூன்று, நான்கு மாதத்திலேயே முட்டைக்கோழித் தீனி போடுபவர்களும் உண்டு. அந்தத் தீனியில் சுண்ணாம்புச் சத்து அதிகம். முட்டையிடாத வயதில் சேவலுக்கும் பெட்டைக்கும் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் முட்டையைப் பார்க்கும்வரை வளர்தீனியே போதும்.

வாங்கும்போது

நான்கு மாதத்துக்குக் குறைந்த குஞ்சை ஜோடி விலை கொடுத்து வாங்காதீர்கள். பிரிக்காத குஞ்சு என்ற விலைக்கே பேசுங்கள். இரண்டு வாங்குவதைவிட ஆறு வாங்குவது புத்திசாலித்தனம். நான்கு குஞ்சு வாங்கினால் எட்டில் ஏழு தடவை இரு இனமும் அதில் இருக்கும். ஆறு வாங்கினால் 32-இல் 31 தடவை இருக்கும். விற்பவர் அவர் கணிப்பை நம்புகிறார் என்றால், "பெட்டை என்று கொடுத்தது கூவினால் மாற்றித் தருகிறேன்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரட்டும். நல்ல வளர்ப்பாளர் தயங்கமாட்டார்.

அடை வைப்பதற்காகவே வாங்குபவருக்குக் குஞ்சு வேண்டவே வேண்டாம். விலை கூடினாலும், முட்டையிட்டு ஒருமுறை அடை உட்கார்ந்த பெட்டையை வாங்குவதே லாபம். உடம்பு சிறியது என்பதால் நாட்டுக்கோழி முட்டை ஆறு முதல் எட்டுக்கு மேல் வைக்காதீர்கள்.

மிஞ்சும் சேவலை என்ன செய்வது? ஆறு முதல் எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதற்கு மேல் இருந்தால் பெட்டைகளின் முதுகில் இறகு உதிரும், சேவல்கள் ஒன்றையொன்று தலையில் கொத்தும். சில்க்கியின் மண்டை ஓடு உச்சியில் மேடாக எழும்பி, எலும்பு முழுதாக மூடாமல் இருக்கலாம். அங்கே விழும் கொத்து உயிரையே வாங்கும். ஆகவே சேவல் என்று உறுதியானதும் தனிக் கூண்டு போடுங்கள். நீண்ட குடுமியும் ஐந்து விரலும் உள்ள சேவலை அழகுக் கோழி வளர்ப்பவர்கள் விரும்பி வாங்குவார்கள். கறிக்கு விற்றால் சில்க்கி என்று சொல்லியே விற்க வேண்டும். கருப்புத் தோலைக் காட்டிக் கடக்நாத் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்கு உரியது, 2018-இல் புவிசார் குறியீடு பெற்ற தனி இனம். பெயர் மாற்றி விற்பது வாடிக்கையாளரை ஒரே முறையில் இழக்கும் வழி.

வாசகர்கள் கேட்பவை

இன்குபேட்டரில் வெப்பத்தைக் கூட்டிக் குறைத்தால் பெட்டைக் குஞ்சு அதிகம் கிடைக்குமா?

கிடைக்காது. ஆமை, முதலை போன்றவற்றில் வெப்பம் பாலினத்தைத் தீர்மானிக்கும். கோழியில் முட்டை உருவாகும்போதே அது முடிவாகிவிடுகிறது. அதை முடிவு செய்வதும் தாய்க்கோழியின் கரு, சேவல் அல்ல. வெப்பத்தை மாற்றினால் கரு சாகும், அவ்வளவுதான்.

ரத்தம் அல்லது இறகு அனுப்பிச் சோதிக்க முடியுமா?

முடியும். கிளி வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் டிஎன்ஏ சோதனை கோழிக்கும் பொருந்தும். பிடுங்கிய இறகின் அடிவேர் இருந்தால் போதும், உதிர்ந்து கிடக்கும் இறகு உதவாது. இனப்பெருக்கத்துக்கு விலை உயர்ந்த குஞ்சு வாங்குபவருக்கு இது சரி. பத்துக் குஞ்சு வளர்க்கும் வீட்டுக்கு, சோதனைக் கட்டணத்தையும் ஐந்து மாதத் தீனிச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

எட்டு மாதம் ஆகிறது. கூவவும் இல்லை, முட்டையும் இல்லை. இது என்ன?

முதலில் கூட்டத்தில் மூத்த சேவல் இருந்தால் இந்தக் கோழியை அதன் கண்ணில் படாமல் ஒரு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். அடங்கிக் கிடந்த சேவலாக இருந்தால் கூவக்கூடும். கூவாவிட்டால் இடுப்பு எலும்பு இடைவெளியைப் பாருங்கள், பேனும் குடற்புழுவும் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் பகல் குறைவதாலும் பெட்டை முட்டையைத் தள்ளிப்போடும். எடை குறைந்து, மூக்கு ஒழுகி, கால் தடுமாறினால் தாமதிக்காமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். சில்க்கியை மாரெக்ஸ் நோய் எளிதில் தாக்கும். அதற்கான தடுப்பூசியைப் பொரித்த முதல் நாளில் போட்டிருக்க வேண்டும். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது சேவலா பெட்டையா என்பதற்கு முன்பாக அந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.